கடைசல் லேத்தும் அலங்கார மில்லிங் மெஷினும்: ஒரு தூண், இரண்டு மெஷின்

பூஜையறை மண்டபத்துக்கு நான்கு தேக்குத் தூண். இரண்டடி உயரம், தலையிலும் அடியிலும் சதுரம், நடுவில் உருண்டை, அந்த உருண்டை முழுக்க முறுக்குப் புரி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருப்பவருக்கு உருண்டை வரைக்கும் அன்றாட வேலைதான். புரிதான் கழுத்தைப் பிடிக்கும். பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தால் கீறி, உளியாலும் அரத்தாலும் கொண்டுவரலாம். ஒன்று அழகாகவும் வரும். நான்கும் ஒரே அளவில் வர வேண்டும் என்றால் கை தடுமாறும். இந்த இடத்துக்காகவே இருப்பது அலங்கார மில்லிங் மெஷின். அது லேத்துக்கு மாற்று இல்லை. லேத் விட்ட இடத்தில் தொடங்கி, மறுபடி லேத்திடமே வேலையை ஒப்படைக்கும் மெஷின் அது. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது எப்படி என்பதைப் புதிதாகத் தொடங்குபவருக்காக இங்கே சொல்கிறோம்.

எது சுற்றுகிறது?

லேத்தில் மரம் வேகமாகச் சுற்றும். உளி டூல் ரெஸ்டில், அதாவது லேத்தின் தாங்குகட்டையில், ஊன்றி நிற்கும். மில்லிங் மெஷினில் இது தலைகீழ். வெட்டும் பிட் ரவுட்டரில் (பிட்டை அதிவேகமாகச் சுழற்றும் கைமெஷின்) நிமிடத்துக்குப் பதினைந்து, இருபதாயிரம் சுற்று ஓடும்; மரம் அசையாமல் நிற்கும், அல்லது கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மெதுவாகத் திரும்பும். ரவுட்டர் ஒரு வண்டியில் ஏறி மரத்தின் நீளவாட்டில் தண்டவாளத்தில் போய்வரும்.

உருண்டை, மணி (புடைத்த வளையம்), குழி (உள்வளைந்த வளையம்), வளைவு எல்லாம் லேத்தில் வேகமாக வரும், உளி வெட்டிய பரப்பும் வழவழப்பாக இருக்கும். ஆனால் லேத்தில் எதைச் செய்தாலும் அது சுற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீளவாட்டில் 12 குரூவ் (வாய்க்கால் போன்ற பள்ளக்கோடு), எட்டுப் பட்டை, முறுக்குப் புரி போன்ற வேலைகள் சுற்றுக்கோணத்தைப் பங்கு போட்டுச் செய்ய வேண்டியவை. அவை மில்லுக்கு உரியவை. மில்லிலேயே உருண்டையும் செய்யலாம்தான். சதுரக் கட்டையை ரவுட்டரால் உருட்டி எடுக்க முடியும். ஆனால் லேத்தில் பத்து நிமிடத்தில் முடிவதற்கு அங்கே அரை மணி ஆகும், பட்டறை முழுக்கத் தூசியும் பறக்கும். அதைச் செய்யாதீர்கள்.

யோசனை பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார் செய்த அலங்கார லேத்துகளில், மரமோ தந்தமோ மெல்லத் திரும்ப, சுழலும் சின்னக் கத்தி அதில் கோலம் போடும். ரவுட்டர் வந்த பிறகு அதே வேலை தச்சுப் பட்டறைக்கு இறங்கியது. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் 'ரவுட்டர் கிராஃப்டர்' என்ற சின்ன மெஷினை விற்றது. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவது போல ஒரு உருளையில் சுற்றிய கம்பிதான் அதில் ரவுட்டரையும் மரத்தையும் இணைக்கும். யூட்டா மாநிலத்தின் லெகசி நிறுவனம் லீட் ஸ்குருவும் (சுற்றச் சுற்ற வண்டியை நகர்த்தும் நீளத் திருகு) பல்சக்கரமும் வைத்துப் பெரிய மெஷின்கள் செய்தது.

மில்லின் அசைவு மூன்றே வகை. மரத்தைப் பூட்டிவிட்டு வண்டியை மட்டும் ஓட்டினால் நேர் குரூவ். வண்டியைப் பூட்டிவிட்டு மரத்தை மட்டும் திருப்பினால் வளையம். இரண்டையும் பல்சக்கரத்தால் கோத்துவிட்டால் புரி. தண்டவாளத்தைச் சாய்த்தால் டேப்பர் (ஒரு முனை மெலியும் வடிவம்), ஒட்டுப்பலகை டெம்ப்ளேட்டின் மேல் ரவுட்டரை ஏறி இறங்கவிட்டால் வளைவு. இவை அந்த மூன்றின் மேல் போடும் கூடுதல் வேலை.

மையம் தவறினால் எல்லாம் தவறும்

இரண்டு மெஷினுக்கும் இடையே மரம் போய்வரும்போது கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: முனைகளில் உள்ள மையக்குழியில். லேத்தில் ஒரு மையத்தில் கடைந்துவிட்டு, மில்லில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி மாட்டினால், குரூவ் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் விழும். 3 மி.மீ. ஆழக் குரூவில் 1 மி.மீ. விலகல் என்றால் ஒருபுறம் 4, மறுபுறம் 2. தூரத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

தவிர்க்கும் வழி எளிது. கட்டையை வேண்டிய நீளத்தைவிட இரண்டு முனையிலும் ஒவ்வொரு அங்குலம் கூடுதலாக அறுங்கள். மூலைவிட்டம் போட்டு மையம் குறித்து, 60 டிகிரி சென்டர் பிட்டால் குழி போடுங்கள். நான்கு பல் ஸ்பர் சென்டரை (மரத்தைக் கடித்துச் சுற்றவைக்கும் முனை) மரச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். இதை மேசை மேல் செய்ய வேண்டும்; லேத்தில் மாட்டியபடி தட்டினால் ஹெட்ஸ்டாக்கின் (மரத்தைச் சுற்றவைக்கும் தலைப்பகுதி) பேரிங் அடி வாங்கும். ஒரு பல்லுக்கு நேரே மரத்தில் மார்க்கரால் கோடு போட்டு, சென்டரிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த முறை மாட்டும்போது புள்ளியும் கோடும் சேர வேண்டும்.

மில் வாங்கும்போதோ செய்யும்போதோ அதன் ஸ்பிண்டிலிலும் (மரத்தைத் திருப்பும் தண்டு) லேத் ஸ்பிண்டிலிலும் சென்டர் சொருகும் கூம்புத் துளை ஒரே டேப்பர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன மர லேத்துகளில் மோர்ஸ் டேப்பர் 2 பரவலாக இருக்கும். இரண்டிலும் அது இருந்தால் ஸ்பர் சென்டரை மரத்திலிருந்து பிடுங்கவே வேண்டாம்; சென்டரோடு மரத்தைத் தூக்கி அடுத்த மெஷினில் சொருகலாம். இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் தகும்.

முனைகளில் விட்ட அந்த ஓரங்குலத்தை வேலை முழுக்க முடியும்வரை அறுக்கக் கூடாது. பாலிஷ் போடும்போதுகூட அந்த மையம் தேவைப்படும்.

மரம்

முதல் வேலைக்கு நேர் நாருள்ள தேக்கு நல்லது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரண ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு முனையுள்ள பிட்டே போடுங்கள். அதன் தூசி தோலையும் மூச்சையும் உறுத்தும், மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள்.

இந்த இரண்டு மாவட்டத்திலும் மலிவாகக் கிடைப்பது மாமரம். காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கம் காய்ப்பு ஓய்ந்த தோப்புகளை வெட்டும்போது பெரிய பெரிய கட்டையாக வரும். லேத்தில் மாமரம் சொன்னபடி கேட்கும். மில்லில் அடம்பிடிக்கும். அதன் நார் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியும் பின்னிக் கிடக்கும். பிட் எந்தத் திசையில் போனாலும் ஏதாவது ஓர் அடுக்கு எதிர்நாராகத்தான் இருக்கும், அங்கே சிம்பு பிய்ந்து வரும். கடைசி வெட்டை அரை மில்லிமீட்டருக்கு மேல் வைக்காமல், புதுப் பிட்டால் எடுத்தால் சமாளிக்கலாம். மாமரத்தில் பூச்சியும் சீக்கிரம் விழும். அறுத்த உடனே போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவது வழக்கம்.

நுணுக்க வேலைக்கு வெட்பாலையை மிஞ்ச இங்கே மரம் குறைவு. வெளிர் நிறம், நெருக்கமான நார். ஓசூரிலிருந்து பெங்களூரு தாண்டினால் வரும் சென்னபட்டணத்தின் அரக்குப் பொம்மைகள் காலங்காலமாக இந்த மரத்தில்தான் கடைகிறார்கள். 2 மி.மீ. குரூவ்கூட ஓரம் உடையாமல் நிற்கும். ஆனால் பெரிய தூணுக்கான கனம் இதில் கிடைப்பது அரிது. பட்டா நிலத்து மரமா, ரசீது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய வீட்டு உத்திரம், நிலைக்கட்டை கிடைத்தால் விடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம் அது. காந்தத்தை மேலே ஓட்டி ஆணி பார்த்த பிறகே மெஷினுக்குக் கொண்டுபோங்கள். ஒரே ஓர் ஆணி போதும், பிட்டின் கார்பைடு முனை தெறித்துவிடும்.

ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றங்குலச் சதுரக் கட்டை வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்; புரி வெட்டும்போது அந்த உள்மரம் வெளியே வந்து, தர்மபுரிச் சித்திரை வெயிலில் இரண்டே நாளில் வெடிக்கும். மரத்தின் நடுக்குருத்து உள்ள கட்டையை ஒதுக்குங்கள். மற்றதை முதலில் 3 மி.மீ. கூடுதலாகக் கடைந்து, நிழலில் இரண்டு வாரம் போட்டுவிட்டுப் பிறகு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

தூணைச் செய்வோம்

கட்டை 63 மி.மீ. சதுரம், நீளம் 26 அங்குலம். முடிந்த தூண் 24 அங்குலம்: தலையிலும் அடியிலும் மும்மூன்று அங்குலம் சதுரம், அதையடுத்து மும்மூன்று அங்குலம் மணியும் குழியும், நடுவில் 300 மி.மீ. புரி. மரத்துக்கு அங்குலமும் மெஷினுக்கு மில்லிமீட்டருமாகப் பேசுவது பட்டறைப் பழக்கம். ஸ்கேலில் இரண்டும் இருக்கிறது, குழப்பம் வராது.

சதுரத்தில் துளை, சொருகு ஏதாவது வேண்டுமானால் கடைவதற்கு முன்பே அடித்துவிடுங்கள். உருண்டையான பிறகு கட்டையை மேசையில் அசையாமல் நிறுத்துவது தொல்லை.

லேத்தை 700, 800 சுற்றில் தொடங்கி, சதுர மூலை போன பிறகு 1,500 வரை ஏற்றலாம். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, கையுறை மூன்றும் லேத் பக்கமே கூடாது. நடுப்பகுதியை 50 மி.மீ. உருண்டையாக்கி, மூன்று இடத்தில் காலிபர் வைத்துப் பாருங்கள். மேடு பள்ளம் இருந்தால் அது அப்படியே புரியின் முதுகில் தெரியும். மணி, குழி எல்லாவற்றையும் இப்போதே முடிக்கத் தோன்றும். பொறுங்கள். குழியை ஆழமாக வெட்டிக் கழுத்தை மெலித்துவிட்டால், மில்லில் பிட் அழுத்தும்போது தூண் அதிரும், புரியின் சுவரில் அலை அலையாகத் தடம் விழும். கழுத்து 45 மி.மீ.க்குக் குறையாமல் விட்டுவிட்டு மில்லுக்குப் போங்கள்.

உப்புத்தாளும் இப்போது போடக் கூடாது. அதன் மணல் துகள் நாரில் தங்கி, பிட்டின் முனையை மழுக்கிவிடும்.

மில்லில் மாட்டியதும் மையச் சோதனை. ரவுட்டரை ஓட்டாமல், பிட் மரத்தைத் தொடும் வரை இறக்கி, இடையில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வையுங்கள். தாள் இழுபட்டு, ஆனால் கிழியாமல் வரும் அளவில் நிறுத்தி, மரத்தைக் கையால் கால் சுற்று திருப்பி மறுபடி இழுத்துப் பாருங்கள். நான்கு இடத்திலும் ஒரே பிடிப்பு இருந்தால் சரி. ஒரு பக்கம் தாள் தளர்ந்து வந்தால் மையக்குழியில் தூசி இருக்கிறது, அல்லது ஸ்பர் பல் பழைய தடத்தில் உட்காரவில்லை.

இனி கணக்கு. புரியின் எண்ணிக்கையை விட்டத்தால் பெருக்கினால், ஒரு முழுச் சுற்றுக்குப் புரி நகர வேண்டிய நீளம் கிடைக்கும். இது சட்டம் இல்லை, கண்ணுக்கு அழகாக வரும் அளவு. இரட்டைப் புரி (இரண்டு புரி இணையாகச் சுற்றி வருவது), 50 மி.மீ. விட்டம் என்றால் சுற்றுக்கு 100 மி.மீ. நம் 300 மி.மீ.யில் சரியாக மூன்று சுற்று. முழுச் சுற்றாக வந்தால் புரி எந்த முகத்தில் தொடங்கியதோ அதே முகத்தில் முடியும், தலையும் அடியும் ஒத்துப்போகும். இரட்டைப் புரிக்கு அரைச் சுற்றும் ஒத்துவரும். மூன்றரை வைத்தாலும் பிழையில்லை. மூன்றே கால் வைத்தால் பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் உறுத்தும்.

லீட் ஸ்குரு ஒரு சுற்றுக்கு வண்டியை 5 மி.மீ. நகர்த்துகிறது என்று வையுங்கள். 100 மி.மீ.க்கு ஸ்குரு 20 சுற்று, அதற்குள் மரம் ஒரு சுற்று. 20 பல் சக்கரம் 80 பல்லை ஓட்ட, 80-இன் தண்டிலேயே உள்ள இன்னொரு 20 பல் 100 பல்லை ஓட்டினால் நாலைந்து இருபது, கணக்கு முடிந்தது. நடுவே ஓர் இடைச்சக்கரத்தைச் சேர்த்தால் திசை மாறும்: வலப்புரி இடப்புரியாகும். மண்டபத்துக்கு இரண்டு வலம், இரண்டு இடம் வேண்டும். வாசலின் இருபுறமும் புரி எதிரெதிராகத் திரும்பினால்தான் எடுப்பு. ஒரு திசைத் தூண் இரண்டையும் முடித்த பிறகு சக்கரத்தை மாற்றுங்கள்.

வெட்டுவதற்கு முன் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட் இருக்கும் இடத்தில் பென்சிலைப் பிடிக்கவைத்து முழு நீளமும் ஓட்டுங்கள். திசை, சுற்று எண்ணிக்கை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது எல்லாம் மரத்திலேயே வரைந்து கிடைக்கும். தவறிருந்தால் அழித்துக்கொள்ளலாம். சதுரத்தின் ஒரு முகத்தில் ரசமட்டம் வைத்துச் சமமாக்கிய பிறகு இன்டெக்ஸ் ஊசியை (துளைத் தட்டில் சொருகி மரத்தை ஒரு கோணத்தில் நிறுத்தும் ஊசி) பூட்ட வேண்டும், நான்கு தூணுக்கும் அதே துளையில். இரண்டு முனையிலும் ஸ்டாப்பர் கட்டாயம். சதுரத்தின் மூலை உருண்டைப் பரப்பைவிட ஏறக்குறைய 20 மி.மீ. எட்டி நிற்கிறது, ஸ்டாப்பர் இல்லாமல் வண்டி தாண்டினால் கோலெட் நட் (ரவுட்டரில் பிட்டை இறுக்கிப் பிடிக்கும் நட்) அதில் மோதும்.

19 மி.மீ. வட்டமுனை பிட், 16,000 சுற்று, 12 மி.மீ. கோலெட் உள்ள ரவுட்டர். மொத்த ஆழம் 9 மி.மீ. அதை 3, 3, 2.5, கடைசியில் 0.5 என்று நான்காகப் பிரியுங்கள். ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு புரியை வெட்டி, 180 டிகிரி திருப்பி அடுத்ததையும் வெட்டிவிட்டுத்தான் பிட்டை இறக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே ஆழம். வெட்டு எப்போதும் ஒரே திசையில். திரும்பி வரும்போது பிட்டைத் தூக்கிவிடுங்கள். பல்சக்கரங்களுக்கு இடையே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பிட் கீழே இருக்கும்போதே திரும்பி வந்தால் அந்த ஆட்டம் பள்ளத்தின் சுவரில் இரண்டாவது கோடாக விழும்.

கைப்பிடியைச் சுற்றும் வேகத்தைத் தூளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். சின்னச் செதிலாக வந்தால் சரி. மாவாக வந்து கருகல் வாசனை அடித்தால் மெதுவாகச் சுற்றுகிறீர்கள், இல்லையென்றால் பிட் மழுங்கிவிட்டது. நடுவில் நிறுத்தி நின்றால் அந்த இடத்தில் கருப்பு வட்டம் விழும். அதைத் தேய்த்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பள்ளம் முடிந்தாலும் இரண்டு பள்ளத்துக்கும் நடுவே புரியின் முதுகு தட்டையாகத்தான் நிற்கும், ஏறக்குறைய 23 மி.மீ. அகலம். அதை உருட்ட அரைவட்ட அரமே சிறந்தது. லேத்தில் மாட்டி, ஸ்பிண்டிலைப் பூட்டி, மெஷினை அணைத்து வைத்துக் கையால் தேயுங்கள். உப்புத்தாளும் அப்படியே: 120, 180, 240. ஓடும் லேத்தில் புரி மேல் விரலை வைத்தால் முதுகு வந்து வந்து அடிக்கும், தாள் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். புரி முடிந்த பிறகு, விட்டுவைத்த மணியையும் குழியையும் லேத்தில் 1,000 சுற்றுக்குள் முடித்து, கடைசியாக முனைத் துண்டுகளை அறுங்கள்.

டேப்பர் காலில் குரூவ்

மேசைக்கால், கட்டில்கால் பெரும்பாலும் கீழே மெலியும். மேலே 50 மி.மீ., கீழே 38 மி.மீ., நீளம் 600 மி.மீ., 12 குரூவ் என்று வையுங்கள். மேலே சுற்றளவு 157 மி.மீ., ஒரு குரூவுக்கு 13 மி.மீ. இடம். 9.5 மி.மீ. பிட் தாராளமாகப் போகும் என்று தோன்றும். கீழே சுற்றளவு 119 மி.மீ.தான், பங்கு 10 மி.மீ.கூட இல்லை. பிட்டைப் பாதி விட்டம்வரை இறக்கினால் இரண்டு குரூவுக்கு நடுவே காகிதம் போல அரை மில்லிமீட்டர் சுவர் நிற்கும், கை பட்டதும் உதிரும். ஆகவே பிட்டை எப்போதும் மெல்லிய முனையின் கணக்கில் தேர்ந்தெடுங்கள். இங்கே 6 மி.மீ.

அடுத்தது தண்டவாளம். மேலிருந்து கீழ்வரை ஆரம் 6 மி.மீ. குறைகிறது. தண்டவாளம் அச்சுக்கு இணையாகவே இருந்தால், மேலே 3 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய பிட் 300 மி.மீ. போனதும் மரத்தை விட்டு விலகி, மீதி வழி காற்றில் ஓடும். கீழ்முனையில் தண்டவாளத்தை 6 மி.மீ. தாழ்த்தினால் ஆழம் கடைசிவரை ஒன்றாக இருக்கும்.

மில் இல்லாமலே தொடங்க

நேர் குரூவும் பட்டையும் மட்டும் போதும் என்றால் தனி மெஷின் தேவையில்லை. லேத் படுக்கையின் மேல் 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு நீளப் பெட்டி, இரண்டு பக்கச் சுவரும் சென்டர் அச்சுக்குச் சரியாக இணை, மேலே ட்ரிம்மர் வழுக்கிப் போக ஒரு பலகை. தச்சர்கள் மைக்கா ஓரம் சீவ வைத்திருக்கும் 6 மி.மீ. ட்ரிம்மரே குரூவுக்குப் போதும். லேத்தின் பிளக்கைப் பிடுங்கி, இன்டெக்ஸ் ஊசியைப் பூட்டி வெட்டலாம். டேப்பருக்குச் சுவரின் ஒரு முனைக்கு அடியில் ஆப்பு வைத்தால் ஆயிற்று.

புரி வேண்டும் என்றால்தான் லீட் ஸ்குருவும் பல்சக்கரமும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில் வரைபடம் கொடுத்தால் இவற்றைச் செய்து வாங்கலாம். இன்டெக்ஸ் தட்டு சொல்லும்போது ஒரே வளையத்தோடு நிற்காதீர்கள். பல லேத்துகளில் 24 துளைதான் இருக்கும். அதில் 2, 3, 4, 6, 8, 12 வரும், 5 வராது, 10 வராது. ஒரே தட்டில் 24 துளை வளையம் ஒன்று, 60 துளை வளையம் ஒன்று போடச் சொல்லுங்கள். வேலைக்கு முன், பயன்படுத்தப்போகும் துளைகளுக்கு நேரே சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டால், ஏழாவது குரூவில் பேச்சுக்கொடுக்க ஆள் வந்தாலும் எண்ணிக்கை தப்பாது.